அப்சானா வாய் திறந்த விருந்துகள்

கல்யாணமான புதிதில் என் மனைவி அப்சானாவுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று வார்த்தைகள் என்றுதான் நினைத்தேன். "ம்", "சரிங்க", "சாப்டீங்களா". இந்த மூன்றை வைத்துக்கொண்டே நான் சொக்கிப் போய்க் கிடந்தேன். மைன்ஸில் பெல்ட் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. எனக்கு மட்டும் எட்டு மணி நேரமும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

என் பெயர் ஜுல்பிகர். நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், பெர்மனென்ட். கடைசி வார்த்தை என் அம்மா சாஹிரா சேர்ப்பது. பெண் பார்க்கப் போன வீடுகளில் அம்மா என் பெயரைச் சொல்ல மறந்ததுண்டு, இதை மறந்ததே இல்லை. அப்படி அமைந்தவள்தான் அப்சானா. வடலூரில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கபார் அவர்களின் ஒரே மகள், கணக்கில் எம்.எஸ்சி. பெண் பார்க்கும்போது டீயை நீட்டிவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஆள் காலி.

ஒன்றுதான் இடித்தது. பெண் கறி சாப்பிட மாட்டாள். ஆடு, கோழி, மீன், முட்டை எதுவுமே ஆகாது. கல்யாணத்தன்று ஊரே பிரியாணியை வெளுத்துக் கட்டியபோது, அவள் கறித்துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றாள். அதை எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். "வடலூர்க் காத்து நல்லா அடிச்சிருக்கு" என்று என் தாய்மாமன் பரீத் சிரித்தார். ஜோதி பார்க்க ஜனம் கூடுகிற ஊரில் வளர்ந்த பெண் பிறகு எப்படி இருப்பாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

என் மாமியார் மஹ்பூபா, என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்ன வயசிலேர்ந்தே இப்டித்தாங்க. அடிச்சிம் பாத்தாச்சி, கொஞ்சிம் பாத்தாச்சி. பருப்பக்கூட ஒதுக்கி வெச்சிடும்" என்றார்.

"எங்க வூட்டுக் குழம்ப ஒரு தடவ ருசி பாக்கட்டுங்க. அப்பறம் பாருங்க" என்றார் அம்மா. அம்மாவுக்குத் தன் கைப்பக்குவத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை என் வேலையின் மேல் இருப்பதைவிட அதிகம்.

எங்கள் குடும்பத்தில் புது ஜோடியை ஒவ்வொரு சொந்தக்கார வீடும் கூப்பிட்டு விருந்து வைத்தாக வேண்டும். டவுன்ஷிப்பில் விருந்து ஷிஃப்ட் பார்த்துத்தான் நடக்கும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிறவர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. நைட் ஷிஃப்ட்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு, அவர் கொட்டாவி விட்டபடியே பரிமாறுவார். யாருக்கு என்ன ஷிஃப்ட், எப்போது மாறுகிறது என்று அம்மா போனில் விசாரித்து, ஒருவரை முன்னால் தள்ளி இன்னொருவரைப் பின்னால் இழுத்து, ஒரு நாளும் விடாமல் நிரப்பிவிட்டார். அதில் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் ஈரல் துண்டை மாப்பிள்ளை தன் கையால் பெண் தட்டில் வைக்க வேண்டும். அவள் அதைத் தின்ற பிறகுதான் சமைத்தவர் உட்காருவார்.

முதல் விருந்து பரீத் மாமா வீட்டில். மாமி கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நான் ஈரலை எடுத்து அப்சானா தட்டில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வீடே கலகலத்துப் போனது. மாமி சந்தோஷத்தில் இன்னும் நாலு கரண்டி போட்டார். அம்மா வெற்றிப் பெருமிதத்தோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அதன் பிறகு எந்த வீட்டிலும் அப்சானா மறுக்கவில்லை. கோலா உருண்டை, தலைக்கறி, கோழி வறுவல், பிறகு கம்மாபுரத்தில் என் அத்தாவின் அண்ணன் பெரியத்தா வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. வைத்ததையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே தின்று முடித்தாள்.

கம்மாபுரத்திலிருந்து திரும்பும்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "ஏங்க, உங்க பெரியத்தா மீசைக்கு அடிக்கிற டை காதுக்கும் சேத்து அடிச்சிருக்காரு, கவனிச்சீங்களா" என்றாள். நான் வண்டியை வாய்க்காலுக்குள் விட்டிருப்பேன். கவனித்திருந்தேன். முப்பது வருஷமாக எல்லோரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம், வெளியே சொல்லத்தான் ஆளில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த டிராக்டர்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. வழியில் பண்ருட்டிப் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். முழுப் பழம் ஒன்று வாங்கச் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதை உட்கார வைத்து, "இவரு நம்ம கூட வர்றாரு. பத்திரமா ஓட்டுங்க, மூத்தவரு" என்றாள். முதுகில் முள் குத்த, மனசெல்லாம் பஞ்சாகப் பறக்க, நான் வீடு வந்து சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு தனம் அக்காவிடம் பழத்தைக் காட்டி, "எங்க சின்ன மாமனாரு" என்று அறிமுகப்படுத்தினாள். தனம் அக்காவும் தன்னையறியாமல் வணக்கம் வைத்துவிட்டார்.

அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசினாள். பேசிக்கொண்டே பாடினாள். தூக்கம் வரவில்லை என்று அலமாரியில் இருந்த சட்டைகளையெல்லாம் எடுத்து நிறவாரியாக அடுக்கினாள், பிறகு கலைத்துவிட்டுப் பொத்தான் எண்ணிக்கைவாரியாக அடுக்கினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு கூச்சம் தெளிஞ்சிட்டா. எல்லாம் சாப்பாடு செய்ற வேல" என்றார் அம்மா. அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் எங்கள் பிளாக் ஸ்டாப்பில் இறங்கினேன். அப்சானா அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸுமாக ஒரு கூட்டமே இறங்கிக்கொண்டிருக்க, அவள் நேராக என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. சொல்லணும்னு தோணுச்சி, அதான் வந்தேன்" என்றாள். டிரைவர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். என் கூட வேலை பார்க்கும் இளம்பரிதி என் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "நீ நட, ஜுல்பி. இத நான் கொண்டாந்து குடுக்குறேன். நீ இப்ப எதையும் தூக்குற நிலமையில இல்ல" என்றான்.

உண்மைதான். தரையில் கால் பாவவில்லை. உலகத்தில் எத்தனை பேரிடம் பஸ் ஸ்டாப்பில் வைத்து இப்படிச் சொல்லியிருப்பார்கள்? என் அத்தா எங்கள் அம்மாவிடம் கடைசிவரை "உப்பு கம்மி" என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை. நான் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் இன்னொரு விருந்து. நானே அவள் தட்டில் ஈரலை இரண்டு துண்டாக வைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் வாந்தி எடுத்தாள். "அல்லாஹ் கண் தொறந்துட்டான்" என்று அம்மா எலுமிச்சம்பழம் தேடினார். கல்யாணமாகி இன்னும் மெஹந்திகூட அழியவில்லை அம்மா என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அப்சானா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

"கண்டக்டர், விருத்தாசலம் ஒரு டிக்கெட்" என்றாள்.

நான் சிரித்தேன். நேற்றைய விளையாட்டின் தொடர்ச்சி என்று நினைத்து, "சில்லற இருக்கா" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பில் காசு தேடினாள். அவள் உடுத்தியிருந்தது சுடிதார். "அப்சானா" என்று கூப்பிட்டேன். அது யார் பெயர் என்பது போலப் பார்த்தாள். பிறகு செருப்பில்லாமல் வாசலுக்குப் போய், ரோட்டில் இறங்கி, வருகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்ட ஆரம்பித்தாள்.

எனக்கு அதுவரை இருந்த போதையெல்லாம் ஒரே நொடியில் இறங்கியது.

சொந்தம் முழுக்கக் கூடிவிட்டது. ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் போனில் வந்தார்கள். பரீத் மாமாவின் மனைவி, கம்மாபுரம் ரோட்டில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள், ஜின் தொற்றிவிட்டது, தர்காவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பெரியத்தா, பொண்ணுக்கு முன்னாடியே புத்தி சரியில்லை, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள், வடலூருக்கே அனுப்பிவிடலாம் என்றார். காதுச் சாயத்தைப் பற்றி அவள் சொன்னது எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. அவளை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். நான் இளம்பரிதிக்குப் போன் போட்டேன். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மாவும் கூட ஏறிக்கொண்டார். வழியில் வடலூரில் மாமியாரை ஏற்றிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் அப்சானா பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் என் தோளில் சாய்ந்துவிட்டாள். பேசியதைவிட அதுதான் பயமாக இருந்தது.

அங்கே மனநலப் பிரிவில் டாக்டர் விஜயலட்சுமி இருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், தூக்கமில்லாமல் சட்டை அடுக்கிய இடத்தில் தலையாட்டிவிட்டு, மாத்திரைச் சீட்டை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தவர் நிமிர்ந்து என் மாமியாரிடம், "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி ஆயிருக்கா" என்று கேட்டார்.

"ஒரே ஒரு தடவங்க. அதுக்குப் பத்து வயசு இருக்கும். பக்ரீத்துக்கு அவங்க அத்தா வற்புறுத்தி கறி ஊட்டிட்டாரு. ரெண்டு நாளு ஒளறிகினு, வாந்தி எடுத்துகினு கெடந்திச்சி. கண்ணு பட்டுடிச்சின்னு சுத்திப் போட்டோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப சமீபத்துல கறி சாப்பிட்டாங்களா?"

நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தெனமும்" என்றேன்.

"இவங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று டாக்டர் மாமியாரைக் கேட்டார்.

மஹ்பூபா மாமி மகளின் தலையைத் தடவினார். "ரெண்டு பொறந்திச்சிங்க. நல்லா செவப்பா, கொழுகொழுன்னுதான் பொறந்திச்சி. பால் குடுத்து ரெண்டு மூணு நாளுல தூங்கிகினே போயிடிச்சி. எம் பால்ல கொற, எங் கையில ராசி இல்லன்னு சொன்னாங்க."

டாக்டர் எழுந்தே விட்டார். ரத்தம் எடுத்து, குழாயை ஐஸில் வைத்து, ஒரு ஆளை ஓடச் சொல்லி லேபுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் அம்மோனியா பல மடங்கு ஏறியிருந்தது.

"அம்மோனியாவா? வயலுக்குப் போடற சமாச்சாரமாச்சே" என்றார் என் அம்மா.

கறி, முட்டை, பருப்பு இதையெல்லாம் உடம்பு செரிக்கும்போது எல்லோருக்குள்ளும் அம்மோனியா உண்டாகும், ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும், அதற்கு வேண்டிய ஒரு என்சைம் அப்சானாவுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மரபணுச் சோதனை அதை உறுதி செய்யும். மிஞ்சிய அம்மோனியா மூளைக்கு ஏறும்போது பேச்சும் நடத்தையும் மாறும், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரியும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"அப்ப நம்மூரு யூரியா ஃபேக்டரிய மூடிட்ட மாதிரிங்களா டாக்டர்" என்றான் இளம்பரிதி. நெய்வேலிக்காரன் எதையும் நெய்வேலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் நம்புவான்.

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூடலைங்க. பாதி ஆளோட ஓடுது. சோறு, பழம், காய்னு லேசா லோடு குடுத்தா ஓட்டிடும். நீங்க கல்யாணமானதிலேர்ந்து ராப்பகலா லோடு ஏத்தியிருக்கீங்க." பிறகு மாத்திரைச் சீட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நான் எழுத இருந்த மாத்திரை அம்மோனியாவ இன்னும் ஏத்தி விட்டிருக்கும். நல்ல வேளை."

மாமியார் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்டேர்ந்து இந்தக் குறை பொண்ணுக்கு வந்திருக்கலாம். அதுல உங்க தப்பு எதுவும் இல்ல. பொம்பளப் புள்ளைங்க தாக்குப் பிடிச்சிடுவாங்க, ஆம்பளப் புள்ளைங்களுக்குப் பிறந்த உடனே தாங்காது. உங்க பால்லயும் குறை இல்ல, கையிலயும் குறை இல்லம்மா."

மஹ்பூபா மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். அழுகைக்கு நடுவில், "எங் குழம்புலயும் கொற இல்லன்னு டாக்டர் சொல்லல பாத்தீங்களா" என்று கேட்டு, டாக்டர் அதையும் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியது, மருந்து ஏறியது. ஒரு முழு நாள் போன பிறகு அப்சானா கண்ணைத் திறந்து, "ஏங்க, நீங்க டூட்டிக்குப் போவல?" என்றாள். கண்டக்டர் வேலையிலிருந்து எனக்கு விடுதலை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நர்ஸ் காயத்ரி, அடுத்த கட்டில் உங்களுக்கா என்று கேட்டார்.

ஆனால் ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கியபோது வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பலாப்பழத்தை மாமனாராக்கியது அம்மோனியா. பெரியத்தா காதைச் சொன்னது அம்மோனியா. அப்படியென்றால் பஸ் ஸ்டாப்பில் பேசியது யார்?

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "சிலர் அழுவாங்க, சிலர் சண்டை போடுவாங்க. இவங்க குஷியாயிட்டாங்க. எது நோய் பேசினது, எது அவங்க பேசினதுன்னு பிரிச்சுச் சொல்ற டெஸ்ட் எங்ககிட்ட இல்லைங்க."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியும் மனசு கேட்கவில்லை. அவளோ பழையபடி மூன்று வார்த்தைக்குத் திரும்பிவிட்டாள். "ம்." "சரிங்க." "சாப்டீங்களா." நான் சாடையாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கம்பெனி பஸ் டிரைவர் விசாரித்தார் என்றேன். "ம்" என்றாள். ஸ்டாப்பில் இப்போதெல்லாம் நல்ல கூட்டம் என்றேன். "சரிங்க" என்றாள். கணக்கில் எம்.எஸ்சி. படித்தவளிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலையில் கடைசியாக ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மதியம் அவளுக்கு ரசம் சாதமும் வாழைப்பழமும் வந்தது. டயட் சொல்லித்தரும் அம்மா வந்து, இனி வாழ்நாள் முழுக்கப் பருப்பே அளந்துதான், நோன்பு நாள் வந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும், குழந்தை என்று ஆரம்பிக்கும் முன்னால் இங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்சானா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "நான் ரொம்ப ஒளறிட்டேனாங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

"எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இல்ல."

போயிற்று. பஸ் ஸ்டாப்பும் போயிற்று. "பரவால்ல, விடு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. பேச்சை மாற்ற நினைத்து, மனசில் கிடந்த இன்னொரு கேள்வியைக் கேட்டேன். "கறி ஒத்துக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே. பக்ரீத்துக்கு அவ்ளோ அவஸ்தப்பட்டிருக்க. அப்பறம் ஏன் சாப்ட? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் ரொம்ப நேரம் சாதத்தையே பிசைந்தாள். காது சிவந்துவிட்டது.

"மொத விருந்துலயே சொல்லத்தான் நெனச்சேன். நீங்க அதுக்குள்ள அந்த ஈரல ஊதி ஊதி ஆற வெச்சிகினு இருந்தீங்க. எனக்குச் சுட்டுடும்னு. வாய்ல வெக்கிறனா இல்லயான்னு என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தீங்க. எல்லார் முன்னாடியும் உங்களுக்கு மொகம் வாடிடக் கூடாதுன்னு தோணுச்சி." பிறகு சாதத்திடமே சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "அப்பவே எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிப் போச்சிங்க. அதான் தின்னுட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். இனி ஜென்மத்துக்கும் இப்படிச் செய்யக் கூடாது என்று அவளைக் கோபித்துக்கொள்ளப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அப்போது காயத்ரி சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"காலைல எடுத்த ரிப்போர்ட் வந்தாச்சு. அம்மோனியா சுத்தமா நார்மல்."